பரோட்டா மாஸ்டரின் வலது தோள்

"பாப்பா, இங்க பாரேன்!"

குழந்தைவேல் வலது கையைத் தூக்கினார். அது தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. கடைசியில் உச்சந்தலைக்கு மேலே கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றது.

வெற்றிச்செல்விக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று மாதமாக அவள் காத்திருந்த காட்சி அது. வாயைத் திறந்து கத்தத்தான் போனாள். அதற்குள் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டுவிட்டது. எட்டு ஐம்பது. பத்து மணிக்குப் பரீட்சை.

"ஐயய்யோ அண்ணே, கையை எறக்குங்க! யாராச்சும் பாத்துரப் போறாங்க!"

"ஏன் பாப்பா? துளிகூட வலிக்கலையே!"

"அதாண்ணே இப்பப் பிரச்சனை!"

குழந்தைவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். அந்தச் சொறிதலும் வலது கையால்தான் நடந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவரால் அது முடியாது. வெற்றிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரம்பலூரில் பிசியோதெரபி பட்டப்படிப்பு, நான்காவது வருஷம், கடைசிச் செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவரும் தாங்கள் வைத்தியம் பார்க்கும் ஒரு நோயாளியை எக்ஸாமினர் முன்னால் உட்கார வைக்க வேண்டும். என்ன குறை என்று சோதித்துச் சொல்ல வேண்டும். எத்தனை டிகிரி அசைகிறது என்று அளந்து காட்ட வேண்டும். அப்புறம் அந்தக் குறைக்கு வைத்தியம் செய்து காட்ட வேண்டும். இதில் தேறினால் அடுத்த மாதமே பயிற்சி மருத்துவமனைக்குப் போகலாம். தேறாவிட்டால் ஆறு மாதம் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

வெற்றிச்செல்வி கொண்டுவந்திருக்கும் கேஸ் குழந்தைவேல். அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். பங்குனி மாசம் மொபெட்டிலிருந்து விழுந்து தோள் எலும்பில் விரிசல். ஒன்றரை மாதம் கட்டுப் போட்டிருந்தார். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் தோள் துருப்பிடித்த கதவு மாதிரி இறுகிப் போயிருந்தது. முதல் நாள் அவள் அளந்தபோது அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் கை எழும்பவில்லை.

"வீச்சுப் பரோட்டா போட்ட கை பாப்பா இது. இப்பத் தலை சீவ முடியல" என்று அன்றைக்கு அவர் கண்கலங்கினார். இந்தக் கையைத் தூக்க வைக்காமல் விடுவதில்லை என்று வெற்றிச்செல்வி அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். வாரத்துக்கு மூன்று நாள் அவர் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வருவார். அவள் வேப்பந்தட்டையிலிருந்து பஸ் ஏறி வருவாள். அறுபத்தைந்து எண்பதானது, நூறானது. போன வெள்ளிக்கிழமை நூற்றைம்பது. மிச்சம் முப்பது டிகிரி. பரீட்சைக்கு அந்த முப்பது டிகிரிதான் அவளுடைய மூலதனம்.

அந்த மூலதனத்தை மனுஷன் பரீட்சை அன்றைக்குக் காலையில் வந்து ஒரே தூக்கில் கரைத்துவிட்டார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே கவியா வந்தாள். வரதராஜன்பேட்டைக்காரி, முதல் வருஷத்திலிருந்து வெற்றிச்செல்வியின் பக்கத்து பெஞ்சு.

"என் கேஸு..." வெற்றிச்செல்வி குழந்தைவேல் பக்கம் கைகாட்டினாள். "குணமாயிருச்சுடி."

கவியா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ பாவமே! எப்ப?"

"இப்பத்தான். என் கண்ணு முன்னாடியே."

"வெள்ளிக்கிழமைகூட நல்லாத்தானே முடியாம இருந்தாரு!"

இரண்டு பேரும் துக்கம் விசாரிப்பதுபோல் குழந்தைவேலைப் பார்த்தார்கள். அவர் தன் மனைவி அமிர்தவல்லி பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார். பாப்பாவுடைய பரீட்சையைப் பார்க்க வேண்டும் என்று அமிர்தவல்லியும் சாப்பாட்டுக் கூடையோடு கிளம்பி வந்திருந்தாள்.

"வேற ஆளை மாத்திக்கலாமா?" என்று கேட்டாள் வெற்றிச்செல்வி.

"நேத்தே லிஸ்ட்டு போயாச்சு. மணிமாறன் சார் கையெழுத்துப் போட்டு ஒட்டிட்டாரு. இனிமே மாத்துனா அடுத்த பருவந்தான்." கவியா குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் இன்னிக்கு வெளியூர் எக்ஸாமினர் யாரு தெரியுமா? மதுரை ஜெயசுதா மேடம்."

"அவங்களா?"

"அவங்களேதான். அவங்க சிரிச்சு யாரும் பாத்ததில்லயாம். ஒரு காலேஜுல கோவத்துல பேஷன்ட்டையே ஃபெயில் பண்ணிட்டாங்கன்னு எங்க சீனியர் சொன்னாங்க."

வெற்றிச்செல்வியின் போன் அடித்தது. அப்பா அய்யம்பெருமாள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அவர் குரலுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது.

"வெற்றிம்மா! லாரிய ஓரங்கட்டிட்டுப் பேசறேன். சாப்பிட்டியா? பயப்படாத. உன் பேரை போர்டுல எழுதச் சொல்லிட்டேன். எழுதறவன் டாக்டர்னு போடவா, பிசியோன்னு போடவான்னு கேக்குறான்."

"அப்பா, இன்னும் பரீட்சையே எழுதலப்பா!"

"அதெல்லாம் நீ எழுதிருவ" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வெற்றிச்செல்வி போனைப் பையில் போட்டாள். கவியாவைப் பார்த்தாள். கவியா அவளைப் பார்த்தாள்.

"நடிக்கச் சொல்லு" என்றாள் கவியா.

"தப்புடி."

"குணமானவருக்கு வைத்தியம் பாக்குறது மட்டும் சரியா?"

மணி ஒன்பதேகால். வெற்றிச்செல்வி குழந்தைவேலை ஓர் ஓரமாக அழைத்துப் போனாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு ஒரே ஒரு நாளு, உங்களுக்குக் கை இன்னும் சரியாகாத மாதிரி இருக்கணும்."

குழந்தைவேலின் முகம் வாடிப்போனது. "தூக்கிக் காட்டுனா நீ குதிப்பன்னு நெனைச்சேன் பாப்பா."

"குதிக்கிறேண்ணே, சாயங்காலம் கண்டிப்பாக் குதிக்கிறேன். இப்ப, போன வெள்ளிக்கிழமை எவ்வளவு தூக்குனீங்களோ அவ்வளவு மட்டும் தூக்கணும். முடியுமா?"

"அப்பத்தான் உனக்கு மார்க்கு வருமா?"

"ஆமாண்ணே."

"அவ்வளவுதானே? விடு."

அவர் கையைத் தூக்கினார். காதுக்குச் சற்று முன்னால் கை நின்றது. லேசாக நடுங்கியது. நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. வெற்றிச்செல்வி கோணம் பார்க்கும் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தாள். நூற்றைம்பது. ஒரு டிகிரி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

"அண்ணே! எப்படிண்ணே இவ்வளவு கரெக்டா?"

"பழக்கந்தான் பாப்பா. மொகத்தைச் சுளிக்கறதுலதான் விசயமே இருக்கு. பல்லைக் கடிச்சா பொய்யின்னு தெரிஞ்சிரும். தோளை மொதல்ல காதுகிட்டக் கொண்டாந்துட்டு, அதுக்கப்புறந்தான் 'ஸ்ஸ்'னு சொல்லணும்."

அமிர்தவல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெற்றிச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுஷன் பிறவி நடிகர்! இனி யார் வந்தால் என்ன?

பத்தேகாலுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஜெயசுதா மேடம் குள்ளமாக இருந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதை எடுத்து மாட்டுகிற விதத்திலேயே எதிரில் நிற்பவருக்கு நாக்கு வறண்டுவிடும். அவர் பக்கத்தில் மணிமாறன் சார் கைகட்டி நின்றார். இதே கல்லூரி ஆசிரியர்தான் என்றாலும் இன்றைக்கு அவரே பரீட்சை எழுத வந்தவர் மாதிரி இருந்தார். மூலையில், பாடம் நடத்துவதற்கு வைத்திருக்கும் எலும்புக்கூடு மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"கேஸைச் சொல்லு" என்றார் மேடம்.

வெற்றிச்செல்வி மடமடவென்று சொன்னாள். விழுந்தது, கட்டுப் போட்டது, இறுகியது, மூன்று மாத வைத்தியம். குரலில் நடுக்கம் இல்லை. மணிமாறன் சாரின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன.

"கையைத் தூக்குங்க பார்க்கலாம்."

குழந்தைவேல் கையைத் தூக்கினார். கை இடுப்பை விட்டு ஒரு முழம் நகர்ந்தது. அவ்வளவுதான். "யம்மாடியோவ்!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். வெளியில் உட்கார்ந்திருந்த அடுத்த நோயாளி எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிற அளவுக்குச் சத்தம்.

வெற்றிச்செல்வி அளவுகோலை வைக்கிற சாக்கில் குனிந்து, அவர் காதில், "அண்ணே, நூத்தம்பது! நூத்தம்பது!" என்றாள்.

"பரிச்சையாச்சே பாப்பா" என்று அவரும் ரகசியமாகச் சொன்னார். "கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

மேடம் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"போன வெள்ளிக்கிழமை நூத்தம்பதுன்னு எழுதியிருக்க. இன்னிக்கு நாப்பதுதான் வருது. நடுவுல என்ன பண்ணித் தொலைச்ச?"

மணிமாறன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். காலைல... பஸ்ல வர்றப்ப..." வெற்றிச்செல்விக்கு வாயில் வந்தது அதுதான். "கம்பியைப் புடிச்சுக்கிட்டு வந்தாரு மேடம். திடீர்னு பிரேக் போட்டுட்டாங்க."

மேடம் குழந்தைவேல் பக்கம் திரும்பினார். "நின்னுக்கிட்டா வந்தீங்க?"

"நான் உக்காந்துல்ல..." என்று ஆரம்பித்த குழந்தைவேல், வெற்றிச்செல்வியின் முகத்தைப் பார்த்தார். பாப்பாவுக்கு உதவி தேவை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. உதவி என்று இறங்கினால் அவர் பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லை.

"உக்காந்துதாங்கம்மா வந்தேன். அப்புறம் ஒரு புள்ளத்தாச்சி ஏறுச்சு. பாவமேன்னு எழுந்திரிச்சு எடம் குடுத்தேன். பேரளி தாண்டுனதும் குறுக்க ஒரு ஆடு வந்துருச்சு. டிரைவர் அடிச்சாரு பாருங்க ஒரு பிரேக்கு! புள்ளத்தாச்சி முன்னால சாயுது. நான் ஒரு கையால கம்பியப் புடிச்சேன், ஒரு கையால அந்தப் பொண்ணைத் தாங்குனேன். தோளுல சடக்குன்னு ஒரு சத்தம்!"

வெற்றிச்செல்வி உறைந்து போனாள். இந்தப் படிப்பில் 'சடக்' என்ற ஒரு சொல்லை மட்டும் நோயாளி சொல்லிவிடக் கூடாது.

"சத்தம் கேட்டுச்சா?" மேடத்தின் குரல் மாறியது. "உங்களுக்கே கேட்டுச்சா?"

"பஸ்ஸுல எல்லாருக்கும் கேட்டுச்சுங்க. கண்டக்டர் திரும்பிப் பாத்தாரு."

மேடம் எழுந்தே விட்டார். "தசைநார் அறுந்திருக்கு! கையை யாரும் தொடாதீங்க! மணிமாறன், எலும்பு டாக்டருக்குப் போன் போடுங்க. முதல்ல இந்தக் கையை அசையாமக் கட்டுங்க. ஏம்மா, தசைநார் அறுந்த ஆளைப் பரீட்சைக்கு உக்கார வெச்சிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

வெற்றிச்செல்விக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றியவள் ஆவாள். சொல்லாவிட்டால் நல்ல கையை எலும்பு டாக்டரிடம் அனுப்பியவள் ஆவாள். அவள் யோசிப்பதற்குள் இரண்டு ஜூனியர் பிள்ளைகள் ஓடிவந்து, குழந்தைவேலின் கையை மடக்கி, துணித் தூளியில் போட்டுக் கழுத்தோடு கட்டிவிட்டார்கள். அடுத்த நிமிஷம் அட்டெண்டர் செல்லக்கண்ணு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தோளுக்கு எதுக்குங்க இந்த வண்டி?" என்றார் குழந்தைவேல்.

"ரூலு. ஏறுங்க மாஸ்டர்." செல்லக்கண்ணு இளகிய மனசுக்காரர். நோயாளிகளுக்கு முன்கூட்டியே தைரியம் சொல்லிவிடுவார். "பயப்படாதீங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இம்மாம் பெரிய ஊசியா ஒண்ணை எடுத்து, தோள் மூட்டுக்குள்ள மெதுவா எறக்குவாங்க. அதுல சரியாகலைன்னாத்தான் கத்தி."

அவர் 'இம்மாம்' என்று காட்டிய அளவு கிட்டத்தட்ட ஒரு கரண்டி நீளம் இருந்தது.

குழந்தைவேல் நாற்காலியில் பாதி உட்கார்ந்தவர், அப்படியே நின்றார். செல்லக்கண்ணுவின் கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார். பாப்பாவின் மார்க்கு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். ஊசிதான் ஜெயித்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா!"

தூளியைக் கழற்றி எறிந்தார். பரிசோதனைக் கட்டிலின் மேல் கிடந்த வெள்ளை விரிப்பை ஒரே இழுப்பில் உருவினார். மேசைமேல் 'பட்' என்று ஓர் அடி. பிறகு இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின. விரிப்பு காற்றில் ஏறியது. குடைபோல் விரிந்தது. சுழன்றது. இறங்கி வந்ததை வாங்கி மறுபடியும் வீசினார். இன்னொரு அடி, இன்னொரு வீச்சு. மேசையிலிருந்த மார்க் தாள்கள் அறையெல்லாம் பறந்தன. மணிமாறன் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாருங்கம்மா! நல்லாப் பாருங்க! முட்டை வீச்சா, சாதா வீச்சா?" கடைசியில் கேட்டது பழக்க தோஷத்தில் வந்தது.

நான்காவது வீச்சில் விரிப்பு கைநழுவிப் பறந்து, மூலையில் நின்ற எலும்புக்கூட்டின் தலைமேல் முக்காடாக விழுந்தது.

கீழே விழுந்த ஒரு மார்க் தாள் மட்டும் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. வாசலில் கவியாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

வெற்றிச்செல்வி இரண்டு அடி முன்னால் வந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"மேடம், மன்னிச்சிருங்க. பஸ்ல பிரேக் போடல."

"புள்ளத்தாச்சி?"

"இல்லைங்க மேடம்."

"ஆடு?"

"ஆடும் இல்லைங்க மேடம். இன்னிக்குக் காலைல எட்டு அம்பதுக்கு இவரு கை முழுசாத் தூக்க வந்துருச்சு. காட்டறதுக்கு எதுவும் இல்லையேன்னு பயந்துட்டேன். நான்தான் நடிக்கச் சொன்னேன். இவரு மேல தப்பு இல்ல. என்னை ஃபெயில் பண்ணிருங்க. ஊசி மட்டும் வேணாம் மேடம்."

மேடம் அவளைப் பார்க்கவில்லை. குழந்தைவேலின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக எலும்புக்கூட்டிடம் போய், முக்காட்டை எடுத்து உதறி, அவரிடம் நீட்டினார்.

"இன்னொரு தடவை வீசுங்க."

குழந்தைவேல் வீசினார்.

"அறுபத்தஞ்சு டிகிரியில வந்த கையா இது?"

"ஆமா மேடம்."

"வைத்தியம் பார்த்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்புறம் எதுக்கு அழுவுற? கண்ணைத் தொடை. இங்க வா. அவரு வீசறப்ப, கை உச்சிக்குப் போற அந்த நேரத்துல, தோள்பட்டை எலும்பைத் திருப்பிவிடறது எந்தத் தசை? வாயால சொல்லாத. தொட்டுக் காட்டு."

வெற்றிச்செல்விக்கு ஒரு கணம் காதை நம்ப முடியவில்லை. அடுத்த கணம் குழந்தைவேலின் விலாப்பக்கம் விரலை வைத்துவிட்டாள்.

"செரேட்டஸ் மேடம்! இதோ, விரலுக்கு அடியில ஓடுது பாருங்க! அண்ணே, வீசுங்க! இதோ! இதோ!"

"மேசையில அடிக்கிறப்ப?"

"இது மேடம்! முதுகுல அகலமா இருக்கறது! இறங்கறப்ப இதுதான் இழுக்குது!"

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததைப் பரீட்சை என்று சொல்ல முடியாது. மேடம் கேட்கிறார், குழந்தைவேல் வீசுகிறார், வெற்றிச்செல்வி தொட்டுத் தொட்டுச் சொல்கிறாள். முதல் நாள் என்ன செய்தாய், ஏன் செய்தாய், வலித்தபோது என்ன மாற்றினாய்? கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். யாரும் விரட்டவில்லை. செல்லக்கண்ணு காலியாக இருந்த சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தார்.

"முட்டை வீச்சுக்கும் சாதா வீச்சுக்கும் தோளுல வித்தியாசம் உண்டா?" என்று மேடம் குழந்தைவேலையே கேட்டார்.

"ரொம்ப உண்டுங்கம்மா. முட்டைக்கு மாவு இன்னும் மெலிசா வரணும். கை இன்னும் ஒரு சாண் மேல போகணும்."

"போங்க பார்க்கலாம்."

கை போயிற்று. மேடம் சிரித்தார். கவியா பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளி, "சிரிக்கிறாங்கடி!" என்றாள்.

பறந்த தாள்களையெல்லாம் பொறுக்கி அடுக்கியபின் மேடம் கேஸ் ஷீட்டை மறுபடி எடுத்தார். வாரா வாரம் அளந்ததை வெற்றிச்செல்வி ஒரு கோட்டுப் படமாக வரைந்து வைத்திருந்தாள். மேடம் அதன்மேல் பேனாவை ஓட்டினார்.

"பொய் சொன்னதுக்குப் பத்து மார்க் போச்சு. ஆட்டுக்குத் தனியா ரெண்டு. மிச்சம் அத்தனையும் போட்டிருக்கேன். இந்த வகுப்புல இனி யாரும் இதைத் தாண்டப் போறதில்ல."

மணிமாறன் சார் கைதட்டவே போனார். கடைசி நேரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னொண்ணு. இந்தக் கோட்டைப் பாரு. மொதல்ல ஏறுது, எறங்குது, எல்லார் கேஸு மாதிரியும் கோணலா இருக்கு. ஆறாவது வாரத்துக்கு அப்புறம் பாரு, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ஒரே சீரா ஏறுது. இருபது வருஷமா இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல. அப்ப என்ன புதுசாப் பண்ண?"

வெற்றிச்செல்வி யோசித்தாள். "அந்த வாரத்துலதான் மேடம், மூட்டைப் புடிச்சு அசைக்கற முறையை மாத்துனேன். நானாவே கொஞ்சம் மாத்திப் பாத்தேன்."

"அப்படிச் சொல்லு! அடுத்த மாசம் திருச்சியில கருத்தரங்கு இருக்கு. எரநூறு பிசியோதெரபிஸ்ட் வராங்க. இந்தக் கோட்டைப் பெருசா திரையில போட்டு, உன் முறையை நீ பேசற. பேரை நானே குடுத்துடறேன்."

எப்படி வெளியே வந்தாள் என்று வெற்றிச்செல்விக்கே தெரியாது. வராந்தாவின் கடைசிவரை ஓடினாள். திரும்பி ஓடி வந்தாள். வெள்ளைக் கோட்டோடு கவியாவைத் தூக்கிச் சுற்றினாள். அப்பாவுக்குப் போன் போட்டு, "அப்பா, நான்தாம்ப்பா முதல் மார்க்கு! திருச்சியில மேடையில பேசப் போறேன்!" என்று கத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து லாரி ஹாரன் மட்டும் விடாமல் ஒரு நிமிஷம் கேட்டது.

சேதி வராந்தா முழுக்கப் பரவியது. ஜூனியர் பிள்ளைகள் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "அக்கா, அந்த ஆறாவது வாரத்து முறையை எங்களுக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்றார்கள். மணிமாறன் சார் அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றார். 'வெற்றி முறை' என்று கவியா வைத்தே விட்டாள்.

வெளியே புங்கமர நிழலில் அமிர்தவல்லி கூடையைத் திறந்து வைத்திருந்தாள். குழந்தைவேல் குழாயடியில் கைகழுவப் போயிருந்தார். அங்கேயும் நாலு பேர் அவரைச் சுற்றிக்கொண்டு வீச்சு கற்றுக்கொண்டிருந்தார்கள். வெற்றிச்செல்வி ஓடிவந்து அமிர்தவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எரநூறு பேர் முன்னாடி அண்ணனோட கையைப் பத்திப் பேசப் போறேன்க்கா! ஆறாவது வாரத்துலேருந்து கொஞ்சம்கூடப் பிசகாம, வாரா வாரம் ஒரே அளவு ஏறியிருக்கு. அப்படி இதுவரைக்கும் யாருக்குமே ஏறினது இல்லையாம்!"

அமிர்தவல்லி குழாயடிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். புருஷன் காதில் விழாது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கை ஆறாவது வாரமே முழுசா வந்துருச்சு பாப்பா, பரிச்சை அன்னைக்குத் தூக்கிக் காட்டுனாத்தான் உனக்கு மார்க்கு அள்ளும்னு, அப்பலேருந்து வூட்டுக் கண்ணாடி முன்னால நின்னு, வாரத்துக்கு ரெண்டு விரக்கடை அளவு மட்டும் ஒசத்திப் பழகிக்கிட்டுல்ல வந்தாரு!"